இரும்பு விண்கல்லின் வயதுக் கணக்கில் அண்டக்கதிர் விளைவைக் கழிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரும்பு விண்கல் ஒன்றில் அளந்த தங்குதன் (டங்ஸ்டன்) எண்ணை அப்படியே சூத்திரத்தில் போட்டால், அந்தக் கல் சூரியத் தொகுதியைவிட 4.6 மில்லியன் ஆண்டு மூத்தது என்று விடை வரலாம். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் வீட்டு விறாந்தையில் கூடும் மாணவர்களில் ஒருத்திக்கு அப்படித்தான் வந்தது. "சேர், இது சூரியனுக்கு முன்னமே பிறந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விடை பிழை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த தம்பிக்கு 0.3 மில்லியன் ஆண்டு என்று வந்தது. பார்க்க ஒழுங்கான எண், ஆகவே கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டான். அதுவும் பிழை, காரணமும் அதேதான். இந்த வழிகாட்டியை முக்கியமாக அவனைப் போன்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அச்சான ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளை எடுத்து, அண்டக்கதிர் (விண்வெளியில் பாயும் வேகமான துகள்கள்) செய்த மாற்றத்தைக் கழித்து, மிஞ்சுவதில் பிறப்பிலேயே வந்த முரணைப் பிரித்து, கடைசியில் காலத்தைக் கணிப்பதுதான் வேலை. ஆய்வுகூடம் தேவையில்லை. நம் பாடநூல்கள் சமதானி என்பதைத் தமிழ்நாட்டில் ஐசோடோப்பு என்பார்கள், தங்குதனை டங்ஸ்டன் என்பார்கள். நான் இங்குள்ள சொற்களையே எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உயர்தர இரசாயனவியலில் வரும் அரைவாழ்வுக்காலம், இணைந்த கணிதத்தில் வரும் மடக்கை, நேர்கோட்டின் படித்திறன், வெட்டுத்துண்டு. இவை தடுமாறாமல் வர வேண்டும். எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபிஸ் உள்ள ஒரு மடிக்கணினி போதும். வழுவையும் (அளவீட்டின் நிச்சயமின்மையையும்) சேர்த்துக் கோடு பொருத்த ஐசோபுளொட்-ஆர் என்ற இலவச மென்பொருள் உண்டு. உலாவியிலேயே ஓடும்.

தரவுக் கட்டுரை ஒன்றைத் தெரிவுசெய்யும்போது, தங்குதனும் பிளாற்றினமும் இரண்டும் அளக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். தங்குதன் மட்டும் உள்ள பழைய கட்டுரையை வைத்து இந்த வேலையைத் தொடங்க முடியாது. தோமஸ் குருயர் குழுவினர் 2014இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணைகள் பழகுவதற்கு நல்லவை.

கல்லோடு வருகிறவர்களும் உண்டு. குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணக்கல், அதனால் வயலில் கிடக்கும் கறுப்பான பாரமான துண்டு எதுவும் வித்தியாசமாகத்தான் தெரியும். என்னிடம் வந்தவை எல்லாம் பட்டறைக் கசடும் பழைய வார்ப்பிரும்பும். நிக்கல் 5 வீதத்துக்குக் கீழே என்றால் இரும்பு விண்கல்லாக இருப்பது மிக அரிது. அதற்குமேல் அந்த விடயத்துக்குள் இங்கே போகவில்லை.

2. எண்ணை அசைக்கும் மூன்று காரணங்களையும் முதலில் எழுதிவையுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்வேன். எழுதாமல் போகிறவர்கள் நான்காம் படியில் குழம்புவார்கள்.

முதலாவது, கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வு. ஆஃப்னியம்-182 தேய்ந்து தங்குதன்-182 ஆகும். அரைவாழ்வு 8.9 மில்லியன் ஆண்டு. ஒரு சிறுகோளில் உலோகம் உருகி மையத்துக்கு இறங்கும்போது தங்குதன் இரும்போடு போகிறது, ஆஃப்னியம் பாறையோடு நிற்கிறது. அந்தக் கணத்திலிருந்து உலோகத்துக்குப் புதிய தங்குதன்-182 வராது. ஆகவே உலோகத்தில் உள்ள அளவு, மையம் பிரிந்த காலத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது இதுதான்.

இரண்டாவது, அண்டக்கதிர். சிறுகோள் உடைந்து, துண்டு தனியே விண்வெளியில் திரிந்த காலத்தில் நடந்தது. கல்விண்கற்கள் பெரும்பாலும் சில பத்து மில்லியன் ஆண்டுதான் இப்படித் திரிந்தவை. இரும்புத் துண்டுகள் இலகுவில் நொறுங்காதவை, ஆகவே பல நூறு மில்லியன் ஆண்டு திரிந்திருக்கும். இரும்பில் இந்த விளைவு இவ்வளவு பெரிதாக இருப்பது இந்த நீண்ட காலத்தால்தான்.

மூன்றாவது, பிறப்பு முரண். சூரியத் தொகுதி உருவான தூசி எல்லா இடத்திலும் ஒரே கலவையாக இருக்கவில்லை. வெவ்வேறு விண்மீன்களில் உருவான அணுக்கள் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்தன. அந்த வேறுபாடு விண்கல்லின் தாய்க்கோளிலேயே, அதாவது அது உடைந்து வந்த சிறுகோளிலேயே, இருந்தது.

கழிக்கும் ஒழுங்கு, நடந்த ஒழுங்குக்கு நேர் எதிர். கடைசியாக நடந்தது அண்டக்கதிர், ஆகவே அதை முதலில் கழிக்க வேண்டும். பிறகு பிறப்பு முரண். மிஞ்சுவதில்தான் காலம். இந்த ஒழுங்கை மாற்றினால் அண்டக்கதிர் செய்ததைப் பிறப்பு முரண் என்று எண்ணிக் கழித்துவிடுவீர்கள். பிறகு எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிப்பது பெரிய பாடு.

3. அண்டக்கதிர் இரண்டு விதமாக வேலை செய்யும்: உங்களுக்கு எது வேண்டும்?

இந்தப் படியில் கணக்கு இல்லை. ஆனாலும் தாண்டாதீர்கள்.

அண்டக்கதிரில் பெரும்பங்கு வேகமான புரோத்தன்கள். அவை கல்லுக்குள் புகுந்து கருக்களை உடைக்கும். அந்த உடைவில் நியூத்திரன்கள் தெறிக்கும், அவை மோதி மோதி வேகம் குறைந்து, கடைசியில் ஏதாவது ஒரு கருவுக்குள் புகுந்துவிடும். முதலாவது உடைப்பு, இரண்டாவது பிடிப்பு.

கரம் போர்ட்டில் விளையாடியவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் காய்களைச் சிதறடிக்கும், ஆனால் குழியின் விளிம்பில் பட்டுத் தாவிப் போய்விடும். மெல்ல உருண்டு வரும் காய்தான் குழிக்குள் விழும். நியூத்திரனும் வேகம் குறைந்த பிறகே பிடிபடும்.

இரும்புக் கருவில் மோதும் நியூத்திரன் ஒரு மோதலில் தன் சக்தியில் அதிகபட்சம் 7 வீதம் அளவையே இழக்கும், ஏனென்றால் இரும்புக் கரு அதைவிட 56 மடங்கு பாரம். ஐதரசன் இருந்தால் ஒரே மோதலில் முழுவதையும் இழக்கக்கூடும். இரும்பு விண்கல்லுக்குள் ஐதரசன் இல்லை. ஆகவே நியூத்திரன்கள் முற்றாக ஆறுவதற்கு முன், இடைத்தர வேகத்திலேயே பிடிபடுகின்றன. தங்குதன், பிளாற்றினம், இரிடியம் மூன்றும் அந்த வேகத்தில் நன்றாகப் பிடிப்பவை. ஒன்றின் மாற்றத்தைக் கொண்டு மற்றதைத் திருத்தலாம் என்ற முழு முறையும் இந்த ஒற்றுமையில் நிற்கிறது.

தங்குதன்-182 நியூத்திரனைப் பிடித்தால் தங்குதன்-183 ஆகிவிடும். அதாவது 182 எரிந்து குறைகிறது. குறைந்த எண்ணைச் சூத்திரம் 'மிகப் பழையது' என்று வாசிக்கும். மாணவியின் 4.6 மில்லியன் ஆண்டு வந்தது இப்படித்தான்.

இந்தப் படியில் பலர் செய்யும் பிழை, ஹீலியம், நியோன் வாயுக்களைக் கொண்டு கணித்த வெளிப்பாட்டு வயதை (கல் கதிரில் கிடந்த காலத்தை) எடுத்து, 'இவ்வளவு காலம் கதிரில் கிடந்தது, ஆகவே இவ்வளவு எரிந்திருக்கும்' என்று திருத்துவது. அந்த வாயுக்கள் உடைப்பில் வருபவை. பெரிய கல்லில் உடைப்பு மேற்பரப்புக்குக் கிட்ட அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். பிடிப்போ மேற்பரப்பில் குறைவு. நியூத்திரன் பெருகி வேகம் குறைய இடம் வேண்டும், ஆகவே ஆழத்தில்தான் உச்சம். இரண்டுக்கும் ஆழக்கோலம் வேறு. பிடிப்பைப் பிடிப்பால்தான் அளக்க வேண்டும்.

4. அட்டவணை போடுதல்: ஒரே துண்டு என்ற விதி

எக்செலில் ஒரு வரிக்கு ஒரு துண்டு. ஒரு விண்கல் அல்ல, ஒரு துண்டு. நிரல்கள்: பெயர், தொகுதி (கல்லின் இரசாயன வகை, ஆறாம் படியில் வரும்), துண்டின் அடையாள இலக்கம், எப்சிலன்-182 (பூமியின் நியமத்திலிருந்து விலகல், ஐந்தாம் படியில் வரும்), அதன் வழு, எப்சிலன்-183, வழு, எப்சிலன்-196, வழு, எப்சிலன்-192, வழு. முதல் நான்கு எண் நிரல்களும் தங்குதனுக்கு, பின் நான்கும் பிளாற்றினத்துக்கு.

ஒரு விண்கல்லின் இரண்டு துண்டுகள் விண்வெளியில் வெவ்வேறு ஆழத்தில் இருந்திருக்கும். ஒன்று நன்றாக எரிந்திருக்கும், மற்றது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆகவே ஒரு கட்டுரையில் தங்குதனையும் இன்னொரு கட்டுரையில் அதே பெயர்க் கல்லின் பிளாற்றினத்தையும் எடுத்து ஒரே வரியில் போடக்கூடாது. 4பி தொகுதியின் திலாகோதெபெக் பலமாகக் கதிர்பட்ட கல். ஒருமுறை இரண்டு மாணவர்கள் அதன் இரண்டு துண்டுகளை இப்படிக் கலந்துவிட்டு, கோட்டிலிருந்து விலகி நிற்கும் அந்தப் புள்ளியைப் புதிய கண்டுபிடிப்பு என்று எனக்குக் காட்டினார்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

மிக நல்லது, ஒரே அமிலக் கரைசலிலிருந்து இரண்டு மூலகங்களையும் பிரித்தெடுத்த தரவு. கட்டுரையின் முறைப் பகுதியை வாசித்தால் தெரியும். 'அதே துண்டின் பக்கத்து வெட்டு' என்றாலும் சரி, ஆனால் அதை ஒரு குறிப்பாக வரியில் எழுதிவையுங்கள்.

'நூதனசாலைத் துண்டின் நடுவிலிருந்து எடுத்தது, ஆகவே ஆழமானது' என்ற வாதமும் வேண்டாம். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது வெளிப்பகுதி உருகிப் போயிருக்கும், கல் உடைந்தும் இருக்கும். இன்று நடுவாகத் தெரிவது அன்று எந்த ஆழம் என்று துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

5. அலகையும் இயல்பாக்கலையும் சரிபாருங்கள்

எப்சிலன் என்பது பூமியின் நியமத்திலிருந்து பத்தாயிரத்தில் எத்தனை பங்கு விலகல் என்ற கணக்கு. சில கட்டுரைகள் மில்லியனில் எத்தனை பங்கு என்று, மியூவில் எழுதும். ஒரு எப்சிலன் நூறு மியூ. இரண்டையும் ஒரே நிரலில் போட்டால் வரைபில் ஒரு புள்ளி மட்டும் எங்கோ பறக்கும். அது உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம்.

கண்ணில் படாதது இயல்பாக்கல். அளக்கும் கருவியே சமதானிகளைத் திணிவுக்கு ஏற்பச் சற்றுப் பிரித்துவிடும். அதைச் சரிசெய்ய ஒரு சமதானி விகிதத்தை மாறாதது என்று பிடித்துக்கொள்வார்கள். தங்குதனில் 186க்கு 184 என்ற விகிதத்தைப் பிடித்தவர்களும் உண்டு, 186க்கு 183 என்பதைப் பிடித்தவர்களும் உண்டு. பிளாற்றினத்தில் 198க்கு 195 என்பது பரவலானது, வேறும் உண்டு. எதைப் பிடித்தார்களோ அதற்கேற்ப மற்ற எல்லா எண்ணும் மாறும்.

நான் 186க்கு 184 என்பதையே எடுப்பேன். காரணம், தங்குதன்-183 பிரித்தெடுக்கும் வேதியியலின்போது சற்றுக் குறைவாகத் தோன்றும் ஒரு தொல்லை அறியப்பட்டது. 183ஐ அடிப்படையாகப் பிடித்தால் அந்தத் தொல்லை 182க்குள்ளும் புகும். அதே வழியில் போட்டு அளந்த பூமி உருக்கின் எண் கட்டுரையில் இருக்கும். அது பூச்சியத்துக்கு அருகே நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

6. ஒருமுறைக்கு ஒரு தொகுதி

இரும்பு விண்கற்களை இரசாயன அமைப்பால் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ரோமன் இலக்கத்தில் எழுதுவது, நான் 2ஏபி, 3ஏபி, 4ஏ, 4பி என்று எழுதுகிறேன். ஒரு தொகுதி ஒரு தாய்க்கோளின் மையம் என்று கொள்கிறோம். ஆகவே அந்தத் தொகுதியின் எல்லாத் துண்டுகளும் கதிர்படுமுன் ஒரே தங்குதன் எண்ணோடு இருந்திருக்க வேண்டும். இந்த எடுகோள் இருப்பதால்தான் அவற்றை ஒரே கோட்டில் பொருத்தலாம். இரண்டு தொகுதிகளைக் கலந்து கோடு போட்டால் வெட்டுத்துண்டுக்கு அர்த்தமில்லை.

புதிதாக வருகிறவர்கள் பெயர் தெரிந்த கல்லிலிருந்தே தொடங்குவார்கள்: கம்போ டெல் சியெலோ, கனியன் டியாப்லோ. இரண்டும் 1ஏபி. அந்தத் தொகுதி ஒரே தடவையில் உருகிப் பிரிந்த மையமாக இருந்திருக்காது, மோதல்களில் உருகிய உலோகம் என்பதே பொருத்தமான விளக்கம். அதற்கு வெட்டுத்துண்டு கணிக்கலாம், ஆனால் கடைசிப் படியின் கால மாதிரி பொருந்தாது. 2ஈ தொகுதியும் அப்படித்தான். 2ஏபி அல்லது 3ஏபியில் பழகுங்கள்.

7. பிளாற்றினத்தை முதலில் தனியே சோதியுங்கள்

தங்குதனைத் தொடுமுன், எப்சிலன்-192ஐ எப்சிலன்-196க்கு எதிராக ஒரு வரைபு போடுங்கள்.

பிளாற்றினம்-195 நியூத்திரனைப் பிடித்து 196 ஆகிறது. பிளாற்றினம்-192 வேறு வழியால் வருகிறது: இரிடியம்-191 நியூத்திரனைப் பிடித்து இரிடியம்-192 ஆகி, 74 நாள் அரைவாழ்வோடு தேய்ந்து, பெரும்பங்கு பிளாற்றினம்-192 ஆகும். இயற்கைப் பிளாற்றினத்தில் 192 ஒரு வீதம்கூட இல்லை. சிறு சேர்க்கையும் பெரிய எண்ணாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். பலமாகக் கதிர்பட்ட துண்டுகளில் அது பத்துக்கணக்கான எப்சிலனாக இருக்கும், 196 ஒன்றுக்குக் கீழேயே நிற்கும்.

அப்படியென்றால் 192ஐக் கொண்டே திருத்தலாமே என்று எல்லா மாணவர்களும் கேட்பார்கள். 192 எவ்வளவு கூடும் என்பது அந்தத் துண்டில் பிளாற்றினத்துக்கு எதிராக எவ்வளவு இரிடியம் இருந்தது என்பதையும் பொறுத்தது. அந்த விகிதம் தொகுதிக்குத் தொகுதி மாறும், ஒரு தொகுதிக்குள்ளும் மாறும். 196க்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே திருத்துவதற்கு 196, சரிபார்ப்பதற்கு 192.

192 பெரிதாகவும் 196 பூச்சியமாகவும் ஒரு துண்டு இருந்தால் அட்டவணையில் எங்கோ பிழை, அல்லது அதன் இரிடியம் மிக அதிகம். இரிடியச் செறிவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டும் பூச்சியத்துக்கு அருகே என்றால் அந்தத் துண்டு மிகப் பெறுமதியானது, ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

இங்கே ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. பிளாற்றினத்துக்குப் பிறப்பு முரண் இல்லை, கதிர்படாத இரும்பில் எப்சிலன்-196 பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். இதுவரை அளந்த தரவு அதற்கு ஒத்துவருகிறது. கொப்பியில் எழுதிவையுங்கள், ஏனென்றால் முழு முறையும் இதில்தான் தொங்குகிறது.

8. கோடும் வெட்டுத்துண்டும்

எப்சிலன்-196 கிடை அச்சு, எப்சிலன்-182 நிலை அச்சு. பழகுவதற்கு நான் கொடுக்கும் எண்கள் இவை. உண்மைக் கற்களின் எண்கள் அல்ல, கணக்கு ஓடுகிறதா என்று பார்க்க நான் அமைத்தவை:

துண்டு அ: 0.05, −3.45
துண்டு ஆ: 0.18, −3.65
துண்டு இ: 0.30, −3.78
துண்டு ஈ: 0.42, −3.96
துண்டு உ: 0.60, −4.17

எக்செலின் ஸ்லோப், இன்டர்செப்ட் கட்டளைகளைக் கொடுத்தால் படித்திறன் −1.30, வெட்டுத்துண்டு −3.40 வர வேண்டும். வெட்டுத்துண்டு என்பது எப்சிலன்-196 பூச்சியமாக இருக்கும் இடம், அதாவது கதிரே படாத இரும்பின் தங்குதன் எண். நமக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

அந்தக் கட்டளைகள் நிலை அச்சு நிரலை முதலில் கேட்கும், கிடை அச்சை இரண்டாவதாக. மாறிக் கொடுத்தால் படித்திறன் −0.77, வெட்டுத்துண்டு −2.60 வரும். அதைச் சூத்திரத்தில் போட்டால் 10.5 மில்லியன் ஆண்டு என்ற விடை வரும். அதுவும் நம்பக்கூடிய எண்தான். ஆகவே கோட்டைக் கணித்ததோடு நிற்காமல், வரைபில் கீறிப் பாருங்கள். கோடு புள்ளிகளுக்கு நடுவால் போகிறதா, இடப்பக்கம் நீட்டினால் வெட்டுத்துண்டில் முடிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

உண்மைத் தரவிலும் படித்திறன் −1.3 அருகே வரும். வெவ்வேறு தொகுதிகளிலும் கிட்டத்தட்ட அதே, ஏனென்றால் படித்திறனைத் தீர்மானிப்பது நியூத்திரன் பிடிப்பு, தாய்க்கோளின் வரலாறு அல்ல. −1.3இலிருந்து வெகுதூரம் போனால் நான்காம், ஐந்தாம் படிகளுக்குத் திரும்புங்கள். ஒரு தொகுதியில் இரண்டே துண்டுதான் என்றால் தனிக் கோடு போடாமல் இந்தப் பொதுப் படித்திறனைக் கடன் வாங்குங்கள்.

அடுத்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே திருத்துங்கள்: எப்சிலன்-182 உடன், 1.30ஐ எப்சிலன்-196ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். மேலே உள்ள ஐந்தும் −3.39க்கும் −3.42க்கும் நடுவில் வந்து சேரும். −4.17 என்று நின்ற துண்டும் −3.45 என்று நின்ற துண்டும் ஒரே இடத்துக்கு வருவதைத் திரையில் பார்க்கும்போது மாணவர்களின் முகம் மாறும். எனக்கும் இன்றுவரை அந்த நேரம் பிடிக்கும்.

9. பிறப்பு முரணைக் கழித்தல்

2ஏபி, 3ஏபி, 4ஏ தொகுதிகளில் எப்சிலன்-183 பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அவற்றுக்கு இந்தப் படியை எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம். 4பி போன்றவற்றில் அது +0.1 அளவில் நிற்கும், கழிக்காமல் விடக்கூடாது.

183இல் தெரியும் முரணோடு 182இலும் ஒரு பங்கு வந்திருக்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் 186க்கு 184 இயல்பாக்கலில் சுமார் 1.4. ஆகவே எப்சிலன்-183ஐ 1.4ஆல் பெருக்கி, எட்டாம் படியின் வெட்டுத்துண்டிலிருந்து கழியுங்கள். பயிற்சிக்கு: வெட்டுத்துண்டு −3.06, எப்சிலன்-183 +0.10 என்றால், திருத்திய எண் −3.20. காலம் 4.0 மில்லியன் ஆண்டிலிருந்து 2.6க்கு இறங்கும். சின்ன எண் என்று விட்டுவிட்டால் சுமார் ஒன்றரை மில்லியன் ஆண்டு பிழைக்கும்.

விண்கற்களைப் பிறப்பு முரணால் கரிமக் குடும்பம், மற்றக் குடும்பம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தொகுதி எந்தக் குடும்பம் என்று உறுதிப்படுத்த மொலிப்தினம் உதவும். எப்சிலன் மொலிப்தினம்-94ஐ 0.596ஆல் பெருக்கி, எப்சிலன் மொலிப்தினம்-95இலிருந்து கழித்து, 100ஆல் பெருக்குங்கள். கரிமக் குடும்பத்துக்கு +26 அருகே வரும், மற்றக் குடும்பத்துக்கு −9 அருகே. 4பி, 2சி, 2டி, 2எஃப், 3எஃப் கரிமக் குடும்பம். 2ஏபி, 3ஏபி, 4ஏ மற்றது. நடுவில் ஒரு துண்டு நின்றால், அதன் எப்சிலன்-196 பெரிதா என்று முதலில் பாருங்கள். மொலிப்தினத்தையும் நியூத்திரன் சற்று அசைக்கும்.

10. காலக் கணக்கு

தேவையான மாறிலிகள் மூன்று. சூரியத் தொகுதியின் தொடக்கப் பெறுமானம் −3.49, மிகப் பழைய திண்மமான கல்சியம்-அலுமினியத் துணிக்கைகளிலிருந்து வந்தது. கொன்ட்ரைட்டுக் கற்களின் (உருகிப் பிரியாத பழைய கல்விண்கற்களின்) இன்றைய பெறுமானம் −1.9. தேய்வு மாறிலி மில்லியன் ஆண்டுக்கு 0.0779.

திருத்திய எண்ணிலிருந்து −1.9ஐக் கழியுங்கள். −3.49இலிருந்தும் −1.9ஐக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, 0.0779ஆல் வகுத்து, குறியை மாற்றுங்கள். −3.40க்கு: 1.50 ÷ 1.59 = 0.943, மடக்கை −0.058, விடை 0.75. அதாவது அந்தத் துணிக்கைகள் உருவாகி முக்கால் மில்லியன் ஆண்டுக்குள் இந்த உலோகம் மையத்துக்குப் பிரிந்துவிட்டது.

இப்போது திருத்தாத எண்களைப் போட்டுப் பாருங்கள். துண்டு உ: −4.17, விடை −4.6. மாணவியின் விடை. துண்டு அ: −3.45, விடை 0.33. தம்பியின் விடை. அவன் எடுத்த துண்டு குறைவாகக் கதிர்பட்டது, ஆகவே எண் எல்லைக்குள் நின்றது. எல்லைக்குள் நிற்பது திருத்தம் தேவையில்லை என்பதற்குச் சான்று அல்ல. உண்மைக் காலத்தின் பாதிகூட அதில் இல்லை.

எக்செலில் எல்.என். என்பதுதான் இயற்கை மடக்கை. லொக் என்று மட்டும் கொடுத்தால் அடி பத்து. இந்தப் பிழை வருடத்துக்கு ஒருமுறையாவது வரும்.

11. வழுவை எழுதாமல் விடையை எழுதாதீர்கள்

எப்சிலனில் 0.05 மாறினால் இந்தப் பகுதியில் காலம் சுமார் 0.4 மில்லியன் ஆண்டு மாறும். ஆகவே மூன்றாம் தசம இலக்கத்தை எழுதுவதில் பொருளில்லை.

சாதாரண ஸ்லோப் கட்டளை இரண்டு அச்சின் வழுவையும் கணக்கில் எடுக்காது. பழகுவதற்குப் போதும், முடிவாக எழுதுவதற்குப் போதாது. அதற்கு ஐசோபுளொட்-ஆர். அதில் கொடுக்குமுன், கட்டுரையின் வழு ஒரு சிக்மாவா இரண்டு சிக்மாவா 95 வீத நம்பிக்கையா என்று அட்டவணையின் அடிக்குறிப்பை வாசியுங்கள்.

தொடக்கப் பெறுமானத்துக்கே ±0.07 வழு உண்டு. அது மட்டும் உங்கள் காலத்தை 0.6 மில்லியன் ஆண்டு அளவில் அங்கும் இங்கும் தள்ளும். ஆனால் 2ஏபியையும் 3ஏபியையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அந்த வழு இரண்டுக்கும் பொது, கிட்டத்தட்ட நீங்கிவிடும். 'எது முந்தியது' என்ற கேள்விக்கு 'எத்தனை ஆண்டு' என்ற கேள்வியைவிட உறுதியான விடை கிடைப்பது அதனால்தான். கட்டுரை எழுதும்போது இரண்டு வழுக்களையும் பிரித்துக் காட்டுங்கள்.

12. வேறு மூலகத்துக்குப் போகும்போது

குரோமியத்துக்கு இந்த வழி அப்படியே செல்லாது. உலோகத்தில் குரோமியம் மிகக் குறைவு, சுற்றிவர இரும்பு ஏராளம். அந்த இரும்பு உடைந்து உண்டாகும் குரோமியம்-53உம் 54உம் சேர்ந்து பெரிய எண்ணாகத் தெரியும். இங்கே குற்றவாளி உடைப்பு, பிடிப்பு அல்ல, ஆகவே பிளாற்றினம் அளவுகோல் ஆகாது. எப்சிலன்-54ஐ 53க்கு எதிராகக் கீறினால் படித்திறன் நாலுக்கு அருகே வரும். இயற்கையில் 53 சுமார் 9.5 வீதம், 54 சுமார் 2.4 வீதம் என்பதை நினைத்தால் அந்த நாலு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்: ஒரே அளவு அணுக்கள் சேர்ந்தாலும் குறைவாக உள்ளதில் நாலு மடங்காகத் தெரியும்.

வெள்ளி-107க்குப் பிளாற்றினத் திருத்தம் உதவும், ஆனால் படித்திறன் வேறு, தொகுதியின் பலேடியம்-வெள்ளி விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்குதனில் கை பழகிய பிறகு தொடுங்கள்.

13. அனுப்புமுன் ஒரு சோதனை

ஒவ்வொரு துண்டாக நீக்கிவிட்டு வெட்டுத்துண்டை மறுபடி கணியுங்கள். மேலே உள்ள ஐந்தில் பலமாகக் கதிர்பட்ட துண்டு 'உ'வை நீக்கினால் −3.39. குறைவாகக் கதிர்பட்ட துண்டு 'அ'வை நீக்கினால் −3.42. இரண்டாவது அதிகம் அசைகிறது, ஏனென்றால் பூச்சியத்துக்கு அருகே கோட்டைப் பிடித்துவைத்திருப்பது அந்தத் துண்டுதான். அது இல்லாவிட்டால் 0.18இலிருந்து பூச்சியம் வரை வெறும் நீட்டல்.

ஏதாவது ஒரு துண்டை நீக்கினால் வெட்டுத்துண்டு அதன் வழுவைத் தாண்டிப் போகிறது என்றால், அந்தத் துண்டின் வரிக்குப் போய், அடையாள இலக்கம், இயல்பாக்கல், அலகு மூன்றையும் மறுபடி பாருங்கள். மூன்றும் சரியென்றால் துண்டை அழிக்காதீர்கள். அதோடு ஒரு விடை, அது இல்லாமல் ஒரு விடை, இரண்டையும் எழுதி, எந்தத் துண்டு என்று பெயரோடு குறிப்பிடுங்கள்.